அறிவுரை போதும், ஒரு ரெபரன்ஸ் தாருங்கள்

சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் அந்த வீடியோ இந்நேரம் வட்ஸ்அப்பில் நாலு தரம் வந்திருக்கும். பெயர் எழுதப்போவதில்லை. "இப்ப வாற ஆக்களுக்கு உடம்பு வளையாது. எம்ப்ளோய்மென்ட் சென்டர்ல ஹீட்டர் சூட்டில குந்தியிருந்து கொம்பியூட்டர் பாக்கினம்" என்று கனடாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்களைப் பற்றி அந்த அண்ணை மைக்கில் சொன்னார். முன்வரிசை கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்னும் செரிக்கவில்லை.

வேலை தேடுவது சும்மா இருப்பது இல்லை. புதிதாக வருபவரிடம் உழைப்பு குறைவு என்பது பொய். அவரிடம் இல்லாதது, "இவரை எனக்குத் தெரியும், எடுங்கோ" என்று போனில் சொல்ல ஒரு ஆள்.

வேலை தேடுபவர்களுக்கு உதவுகிற அந்தச் சென்டரில் நானும் குந்தியிருந்தவள்தான். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை பார்த்துவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவள். என் ரெஸ்யூமேயைக் கையில் எடுத்த அங்கே வேலை செய்கிற பெண் சிவப்புப் பேனாவால் வெட்டத் தொடங்கினார். படம் வேண்டாம். பிறந்த திகதி வேண்டாம். சமயம், திருமணமானவரா, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் வேண்டாம். கடைசியில் ரெபரன்ஸாக "உறவினர் அல்லாத இருவர்" என்று போட்டிருந்தேன், எங்கள் ஊர் வழக்கப்படி. ஒருவர் பாடசாலை அதிபர், மற்றவர் சமாதான நீதவான், ஊரில் பத்திரங்களுக்குச் சான்றுக் கையெழுத்துப் போடுகிறவர். "இவர் யார், நீதிபதியா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுவிட்டு, "இங்கே யாராவது உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வெட்டலுக்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ சேவைகள் இலவசம், அது மாகாண அரசின் திட்டம். இதை மைக் பிடிக்கிறவர்கள் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, அங்கே போனால் வேலை கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. சில இடங்களில் ஒரு வகுப்பு முடிய இன்னொரு வகுப்பில் பெயர் எழுதுவார்கள், அவ்வளவுதான். அதற்காகப் போகாதே என்று சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பிளாசா வாசலில் விடியக்காலை வந்து நிற்கிற, தற்காலிக வேலைக்கு ஆள் ஏற்றும் ஏஜென்சி வானுக்குத்தான். நானும் ஏறியிருக்கிறேன். உள்ளே முன்பின் தெரியாத பத்துப் பேர், பூட்ஸ் மணம், யாரும் கதைப்பதில்லை. சம்பளத்தில் வான் காசு கழியும், வேலை பிடித்துத் தந்ததற்கென்றும் கொஞ்சம் கழியும். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவது இங்கே 2009 இலிருந்தே சட்டவிரோதம் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? 2024 யூலையிலிருந்து ஏஜென்சிகளுக்கு லைசென்ஸும் கட்டாயம். கேட்டுப் பாருங்கள், காட்டுகிறார்களா என்று.

"நாங்களும் கோப்பை கழுவித்தான் வந்தோம்" என்று கீழே எழுத ஒரு கூட்டம் காத்திருக்கும். கழுவினீர்கள், மறுக்கவில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் மாமாவும் அதில் ஒருவர். ஆனால் அவருக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது? அறைத்தோழர் தன் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒருவரை ஒருவர் கூட்டிக்கொண்டு போனீர்கள். இப்போது ஏன் கூட்டிக்கொண்டு போக மாட்டீர்கள்? 2025 கோடையில் ரொறன்ரோ பகுதியில் வேலையில்லாதோர் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். அத்தனை பேரும் சோம்பேறிகளா?

உண்மையாகவே சோம்பேறிகள் இல்லையா என்றால், இருப்பார்கள். எங்கேதான் இல்லை.

இனி "கனடா அனுபவம்", அதாவது முன்பே கனடாவில் வேலை செய்திருக்க வேண்டும் என்கிற அந்தப் பூட்டு. அதைக் கண்டிப்பாகக் கேட்பது பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013 இலேயே சொல்லிவிட்டது. பொறியியலாளர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஒன்ராறியோ அமைப்பு 2023 இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. வெள்ளைக்காரனின் சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டது. நம்மவர்கள்?

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கைதட்டல் வாங்கிய அண்ணையின் கொம்பனிக்கு நானும் அந்த நாட்களில் விண்ணப்பித்தேன். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை என்று நம் பத்திரிகையிலேயே விளம்பரம் வந்திருந்தது. போன் எடுத்த பிள்ளை தமிழில்தான் கதைத்தது. "அக்கா, கனடா எக்ஸ்பீரியன்ஸ் இல்லாட்டி ஐயா பாக்க மாட்டார்" என்றது. பிறகு எனக்கு முதல் வேலை தந்தது ஒரு சீனப் பெண்மணியின் சிறிய அலுவலகம். அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: எக்செல் தெரியுமா, திங்கள் வர முடியுமா.

"அவர் கோயிலுக்கு எவ்வளவு செய்கிறார் தெரியுமா, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர்" என்பீர்கள். செய்யட்டும். கல்வெட்டில் பெயர் வரட்டும். ஊரில் பள்ளிக்கூடம் கட்டுகிறீர்கள், அதில் படித்த பிள்ளை இங்கே வந்து நின்றால் அனுபவம் கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் ஊர்ப்பற்று. அதிலும் சின் நம்பர், அதாவது இங்கே வேலை செய்ய அரசு தருகிற இலக்கம், 9 இல் தொடங்கினால் முகமே மாறிவிடும். தற்காலிகமாக வந்தவர்களுக்குக் கொடுக்கிற நம்பர் அது. வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருந்தாலும் "பேந்து பாப்பம்" தான்.

சனிக்கிழமை எனக்குப் பக்கத்துக் கதிரையில் என் மச்சாளின் மகள் இருந்தாள். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவள். பகலில் சென்டர், இரவில் பேக்கரி லைனில் பாண் அடுக்குகிறாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவளும் இரண்டு தரம் கை தட்டினாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை.

சண்டை பிடிக்க வருபவர்கள் வரலாம், பதில் சொல்ல நேரமிருக்கிறது. அதற்கு முன், கட்டுமான நிறுவனத்திலோ டிசைன் அலுவலகத்திலோ இருப்பவர்கள் யாராவது இன்பொக்ஸுக்கு வாருங்கள். பிள்ளைக்குக் கொம்பியூட்டரில் வரைபடம் வரைகிற ஓட்டோகாட் தெரியும், ரெஸ்யூமே இரண்டு பக்கம், படம் இல்லை. ரெபரன்ஸுக்கு என் பெயரைப் போட்டிருக்கிறேன்.