இந்தக் கற்கள் ஏது?

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் பலர் சொல்வது ஒரே வரிதான்: “இம்மட்டும் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.” எதிலிருந்து காத்தார், எந்த மாதம், எப்படி, ஒன்றும் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை இதில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

வேதாகமத்தில் யோசுவா 3, 4 அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேல் ஜனம் யோசுவாவின் தலைமையில் யோர்தான் ஆற்றைக் கடந்து கானானுக்குள் போகிற நேரம். அறுப்புக்காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடுகிறது. ஆசாரியர் சுமந்த உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஜனத்துக்கும் நடுவே 2,000 முழம் இடைவெளி. ஆசாரியரின் கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் வெகுதூரத்தில் ஆதாம் ஊர்ப்பக்கம் வெள்ளம் குவியலாக நிற்கிறது, அதற்கு முன்னால் இல்லை. கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர், தோளில் ஆளுக்கொரு கல். கரையேறிய நாள் முதலாம் மாதம் பத்தாம் தேதி. இவ்வளவும் எழுதி வைத்திருக்கிறது. கரையில் கிடந்த கற்களை அடுக்கியிருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் கட்டளை, ஆசாரியரின் கால்கள் நின்ற நடு ஆற்றிலிருந்து எடுக்கச் சொல்கிறது. அந்தக் கல் அவர்கள் கரையேறிப் பாளயமிறங்கிய கில்காலில் இருக்கிறதென்றால், ஆறு ஒருநாள் வழிவிட்டிருக்க வேண்டும்.

“இந்தக் கற்கள் ஏது” என்று பிள்ளை கேட்கும், தகப்பன் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில், எகிப்தைவிட்டு வந்தபோது வழிவிட்ட சிவந்த சமுத்திரமும் வருகிறது. எகிப்தைவிட்டு வந்து 20 வயதுக்கு மேல் எண்ணப்பட்டவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர எல்லாரும் வனாந்தரத்திலேயே மாண்டுவிட்டார்கள். ஆகவே கில்காலில் நின்ற பெரும்பாலோருக்குச் சிவந்த சமுத்திரம் சிறுவயது ஞாபகம், இல்லையென்றால் காதால் கேட்ட செய்தி.

ஐந்தாம் அதிகாரத்தை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். பகைவரின் பட்டணமான எரிகோ அருகிலேயே இருக்க, யுத்தத்துக்குப் போக வேண்டிய ஆண்களுக்கெல்லாம் விருத்தசேதனம், அதாவது நுனித்தோலை வெட்டும் சடங்கு! படைக்கணக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆதியாகமம் 34-ல் சீகேம் ஊரார் இதே நோவோடு கிடந்த மூன்றாம் நாளில்தான் யாக்கோபின் மகன்கள் சிமியோனும் லேவியும் புகுந்து வெட்டினார்கள். பத்தாம் தேதி ஆறு நின்றதைக் கண்டார்கள், பதினாலாம் தேதி எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா ஆசரித்தார்கள், நடுவில் இந்தக் கீழ்ப்படிதல். ஆறு நின்றதைப் பார்க்காதவர்களிடம் இதைக் கேட்டிருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

பிறகு என்ன ஆயிற்று? யோசுவாவும் அவனுக்குப் பின்னிருந்த மூப்பரும் உயிரோடிருந்தவரை ஜனங்கள் கர்த்தரைச் சேவித்தார்கள் என்கிறது நியாயாதிபதிகள் 2. அடுத்து எழும்பிய சந்ததி கர்த்தரையும் அறியவில்லை, அவர் செய்ததையும் அறியவில்லை. கற்களை யாரும் பிடுங்கிப் போட்டதாக வசனம் இல்லை. கற்களுக்கு விளக்கம் சொல்ல ஆளில்லாமல் போனது. ஓசியா, ஆமோஸ் தீர்க்கதரிசிகளின் நாட்களில் கில்கால் பாவத்துக்குப் பேர்போன பலிமேடையாகிவிட்டது.

சாட்சிக்கு இரண்டு நிமிஷம் போதும். மார்ச்சில் வேலை போனது, பள்ளிக் கட்டணம் இவ்வளவு பாக்கி, ஜூனில் இன்னார் மூலம் வழி திறந்தது, ஆகையால் வருகிற வருஷம் இந்தக் காரியத்தில் கீழ்ப்படியப்போகிறேன். கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். யோசுவா 4:24 அதில்தான் போய் முடிகிறது: நீங்கள் கர்த்தருக்குப் பயப்படும்படிக்கு. இன்னொன்று, முழுதும் சுகமாகாத வியாதியைச் சுகமானதாகச் சொல்ல வேண்டாம். அது கரையில் பொறுக்கிய கல்.

வீட்டு வாசலில் ‘எபெனேசர்’ (உதவியின் கல்) என்று பளிங்கில் பொறித்திருப்பவர்கள், அது எந்த வருஷத்துக் கல் என்று பேரப்பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டியதை இப்போதே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, வேதாகமத்துக்குள் வைத்துவிடலாம்.