அடிபட்ட கண் ஆகாது என்று தீர்ப்பு சொல்ல நீங்கள் யார்?

போன வாரம் ஒரு துக்க வீட்டில், விபத்தில் இறந்தவரின் கண்ணைத் தானம் செய்யலாமா என்று ஒரு அக்கா கேட்டார்; ஒருவர் ஆகாது என்று தடுத்துவிட்டார். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றும் அதே மனிதர், அதே வசனம்: "ஆக்சிடென்ட் கேஸ், அந்தக் கண் எதுக்கும் ஆகாது." இமையை விலக்கிப் பார்த்தாரா? இல்லை. கண் வங்கிக்கு ஒரு போன்? அதுவும் இல்லை. ஞானதிருஷ்டி போல.

தலையில் அடிபட்டால் கருவிழி, அதாவது தானமாக எடுத்துப் பொருத்துகிற, கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், கெட்டுவிடாது. கண்ணாடிச் சில்லு கிழித்திருந்தால், தீயோ அமிலமோ பட்டிருந்தால் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கருவிழியின் உள்பக்கம் ஒரே அடுக்காக இருக்கும் எண்டோதீலியம் செல்கள் செத்தால் மறுபடி வளராது. அதனால் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறார்கள். முழுக் கருவிழி மாற்றத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2000 செல்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பல கண் வங்கிகளின் கணக்கு. குறைந்தாலும், முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் அறுவைக்கு ஆகலாம்.

1905-இல் எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் செய்த முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றத்துக்குக் கண் யாருடையது தெரியுமா? இரும்புத் துண்டு பாய்ந்து, கண்ணையே எடுக்க வேண்டிவந்த 11 வயதுப் பையனுடையது. நம்ம ஆள் அங்கே இருந்திருந்தால் அதையும் தடுத்திருப்பார்.

எங்கள் பெரியப்பாவுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. வென்டிலேட்டரில் கிடந்தபோது இமை பாதி திறந்தே இருந்தது. யாரும் களிம்பு போட்டு மூடவில்லை. கருவிழியின் கீழ்ப்பாதி காய்ந்து, வெளுத்து, புண்ணாகிவிட்டது. கண் வங்கியிலிருந்து வந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எடுக்க முடியாதுங்க" என்றார். விபத்தே இல்லாத கண் அது!

"விபத்தில் அடிபட்டவருக்கு நிறைய ரத்தம் ஏற்றியிருந்தால், அவர் ரத்தத்தில் செய்யும் கிருமிப் பரிசோதனை தப்பாகக் காட்டுமே" என்பீர்கள். சரியான கேள்வி. அதற்குத்தான் ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள், ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியைத் தேடுகிறார்கள். கண்ணை எடுத்தால் முகம் கோரமாகிவிடுமா? ஆகாது, அப்புறம்?

"துக்க வீட்டில் இதையெல்லாம் பேசலாமா?" நானா பேசினேன்? அந்த அக்கா தானாகக் கேட்டார். அழுதுகொண்டே கேட்டார். இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தால் போதும், மீதியை வருபவர்கள் பார்த்திருப்பார்கள். நீங்களோ, கெட்டுப்போன பொருளை யார் தலையிலோ கட்ட வந்தவர் மாதிரி அவரைக் கூனிக்குறுக வைத்தீர்கள். நாளைக்கு அவர், "அவரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டால் நீங்களே வந்து பதில் சொல்லுங்கள். என்னால் முடியாது.