வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு?

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியவுடன், மருத்துவரைக் கேட்காமலே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. திடீரென வரும் இந்த உபாதைக்குப் பெரும்பாலும் நோரோ, ரோட்டா போன்ற வைரஸ்களே காரணம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து வயிற்றுப்போக்கை நீட்டிக்கவும் கூடும். நோரோ வைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் தலைகாட்டி, பெரும்பாலோருக்கு மூன்று நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். (இடையில் மாத்திரை போட்டவருக்கு, மாத்திரைதான் குணமாக்கியது என்று தோன்றுவதில் வியப்பில்லை.)

உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே இதில் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குகிறது. வெறும் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் இழந்த உப்பு திரும்பாது. உறைகளில் விற்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்த கரைசலில் உள்ள குளுக்கோஸ், உப்பிலுள்ள சோடியத்தையும் தன்னோடு சேர்த்துக் குடல் சுவரைக் கடக்கச் செய்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய அளவுப்படி, ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும். ஆகவே, உறையில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரை அளந்தே ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். குளிர்பானங்களோ, அவற்றிலுள்ள மிகையான சர்க்கரையால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டுகின்றன.

கொடுத்ததெல்லாம் வாந்தியாகிறதே என்று பலர் கரைசலையே நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு 5 மில்லி வீதம் தேக்கரண்டியால் ஊட்டிப் பாருங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பசித்தால் வழக்கமான உணவையே கொடுக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குழி விழுந்த கண்கள், அழுதும் கண்ணீர் வராமை, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் இவற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க சானிடைசரை நம்பிப் பயனில்லை. நோரோ வைரஸ் அதற்கு எளிதில் மசியாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். வாந்தி நின்ற மறுநாளே சமைக்கவும் வேலைக்குப் போகவும் கிளம்புவது மெச்சத்தக்க உழைப்பு அல்ல. அறிகுறிகள் முற்றிலும் நின்று 48 மணி நேரமாவது ஆகும்வரை பிறருக்கான உணவில் கை வைக்கக் கூடாது.