அந்த 90 சதவீதம் எதில் 90?

மின்நிலையப் புகையிலிருந்து கார்பன் டைஆக்சைடு வாயுவைப் பிரித்துப் பிடிப்பது பற்றிய கட்டுரையில் ‘90 சதவீத கார்பன் பிடிக்கப்படுகிறது’ என்று இருக்கிறது. எதில் 90 என்று கேட்காமல் எந்த மதிப்பீட்டையும் ஏற்கக் கூடாது. டெக்சாஸில் 2017-இல் ஓடத் தொடங்கிய பெட்ரா நோவா என்ற கார்பன் பிடிப்பு ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி மின் அலகின் புகை முழுவதும் அங்கே போகவில்லை; 240 மெகாவாட்டுக்கு உரிய பங்கு மட்டும்தான். பிடிப்பு வேலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் தந்தது தனி எரிவாயு டர்பைன். அதன் புகை பிடிபடாமல் அப்படியே வெளியேறியது! பிடித்த வாயுவோ 130 கி.மீ. குழாய் வழியே பழைய எண்ணெய் வயலுக்குப் போய், கூடுதல் எண்ணெய் எடுக்க உதவியது. அந்த எண்ணெய் எரிந்து வரும் கார்பனும் கணக்கில் ஏற வேண்டும்.

புகையிலிருந்து வாயுவை உறிஞ்சும் கரைசலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. வழக்கமான 30 சதவீத மோனோஎத்தனாலமைன் (அமைன் வகை வேதிப்பொருள்) கரைசல் 40–50 டிகிரியில் வாயுவை உறிஞ்சி, 120 டிகிரி சூட்டில் விட்டுவிடும். இதற்குப் பிடிக்கும் வாயுவில் டன்னுக்குச் சுமார் 3.5 ஜிகாஜூல் வெப்பம் ஆகும். புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடை முன்கூட்டியே சுமார் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே இறக்காவிட்டால், அது அமைனோடு சேர்ந்து சூட்டிலும் பிரியாத உப்பாகிவிடும். கரைசல் கறுத்து நுரைக்கும், எஃகை அரிக்கும், புது அமைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடு இருந்தால் நைட்ரோசமைன்கள் உருவாகலாம். அவற்றில் பல புற்றுநோய் வரவழைப்பவை. அதனால் வாயுவை உறிஞ்சும் கோபுரத்தின் உச்சியில், வெளியேறும் புகையை நீரால் கழுவும் பிரிவு இருக்கிறதா, கரைசலைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.