பாரியைப் படிக்க பிரான்மலை ஏறுங்கள்

பாரி என்றால் முல்லைக்குத் தேர் கொடுத்தவர். பாடப் புத்தகத்தில் ஒரு தேர், ஒரு கொடி, ஒரு ராஜா. அதோடு சரி. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது, போன தை மாதம் பிரான்மலை ஏறும்வரை.

சிங்கம்புணரி பக்கம் இருக்கிற இந்த மலைதான் பாரியின் பறம்புமலை. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதுவே. கோயிலைத் தாண்டி ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே பாறைதான் பாதை. விடியலில் கிளம்பியும் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. பாதி வழியில் கால் நீட்டி உட்கார்ந்து புறநானூறு 109ஐ வாசித்தேன். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டாலும் இந்த மலை பட்டினி கிடக்காது என்கிறார் கபிலர். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழாமல் கிடைக்கிற நான்கையும் எண்ணிச் சொல்கிறார். படையோடு வந்தால் மலை கிடைக்காது. யாழ் மீட்டி, ஆடல் மகளிரான விறலியர் பின்னே வர, ஆடிப் பாடிப் போனால் பாரி நாட்டையும் மலையையும் சேர்த்தே தந்துவிடுவானாம். மூச்சு வாங்க ஏறி வந்தவர்களுக்குத்தான் அந்தப் பாட்டின் தெனாவெட்டு புரியும்.

உச்சியில் தர்கா இருக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே சாலை நூல் மாதிரி கிடந்தது. மகள் தானாகவே லாரிகளை எண்ண ஆரம்பித்தாள். 17 வரை எண்ணினாள். எனக்கு 116ஆம் பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே வாசிக்கவில்லை. இறங்கி வந்து, அடிவாரத்தில் டீ குடிக்கும்போதுதான் வாசித்தேன்.

பாரி இறந்து மலை பறிபோன பிறகு அவருடைய இரு மகள்களும் முள்வேலி போட்ட சின்ன வீட்டில் இருக்கிறார்கள். சுரைக்கொடி படர்ந்த அந்த இடத்தில் குப்பைமேட்டில் ஏறி நின்று, உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகளை எண்ணுகிறார்கள். முன்பு இதே பெண்கள், போருக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். (ஐநூற்றுவர் என்ற பழைய வணிகர் குழுவின் கல்வெட்டு இங்கே இருக்கிறது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு மகமை, அதாவது வணிகர்கள் தரும் பங்கு, என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அதிலும் உப்பு வருகிறது, குதிரை வருகிறது.) மகள் டம்ளரை வைத்துவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

என் ஆதங்கம் இதுதான். பாரியின் மகள்கள் பாடிய 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்' பாட்டைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 'எம் குன்றும் பிறர் கொளார்' என்று அந்தப் பெண்கள் சொல்கிற குன்று எவ்வளவு உயரம், அதை இழந்தால் எங்கே வந்து விழுவோம் என்று காட்டுவதில்லை. மதுரை, சிவகங்கைப் பள்ளிகளுக்கு இது ஒரே நாள் பயணம். தீம் பார்க்குக்கு வண்டி பிடிக்கிறவர்கள் ஒரு வருஷம் இங்கே வரலாமே. ரோப் காரும் சிமெண்ட் சாலையும் வேண்டவே வேண்டாம். நடந்து ஏறட்டும். தமிழாசிரியர் கூடவே வரட்டும். மேலே 109, கீழே 116. இந்த வரிசை மட்டும் மாறக்கூடாது.

அப்புறம், திரும்பும் பஸ்ஸில் 114க்குக் கொஞ்ச நேரம் வையுங்கள். இங்கே நின்றாலும் தெரிகிறது, சிறிது தூரம் போய் நின்றாலும் தெரிகிறது அவன் மலை என்று கபிலர் திரும்பித் திரும்பிப் பார்த்த பாட்டு அது. எந்த இடத்தில் மலை மறைகிறது என்று பிள்ளைகளையே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.