ஒரே வாளியில் வினிகரும் ஆப்பசோடாவும்

பெங்களூரில் சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரிக் குடிநீர் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட பிறகும், எங்கள் குடியிருப்பின் தொட்டியை நிரப்புவது போர்வெல்லும் தண்ணீர் லாரியும்தான். குழாயின் கழுத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை ஏறியிருக்கிறது, ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன, வாங்கி இரண்டே ஆண்டான கீசரின் கம்பிச்சுருளைக் கழற்றினால் படிவு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுகிறது. இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். சகிக்கவே முடியாதது, இதற்கு ஊரே சேர்ந்து சொல்லும் வைத்தியம்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் ஒரு வாளியில் அரை லிட்டர் வினிகரை ஊற்றி, அதிலேயே 100 கிராம் ஆப்பசோடாப் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டினான். அது பொங்கி வாளி விளிம்புவரை வந்ததும், அழுக்கெல்லாம் எப்படிக் கிளம்புகிறது பாருங்கள் மாமா என்று பெருமையோடு என்னைக் கூப்பிட்டான். அழுக்கு குழாயில் இருக்கிறது, நுரை வாளியில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நான்கு அடி இடைவெளி இருக்கிறது! இவன் பொறியியல் பட்டதாரி. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்.

கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு 5 பங்கு வினிகர் என்றால் அரை லிட்டரில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம் அசிட்டிக் அமிலம். அதைத் தீர்த்துக்கட்ட 35 கிராம் சோடா போதும். வெளியேறிய நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. வாளியில் மிஞ்சியது சோடியம் அசிட்டேட் என்ற உப்பும், தண்ணீரும், வேலையற்றுக் கிடக்கும் 65 கிராம் சோடாவும்தான். இரண்டு பொருள்களையும் காசு கொடுத்து வாங்கி, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கொன்றுவிட்டு, அந்தப் பிணத்தண்ணீரால் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

குழாயில் படிந்திருப்பதை நாம் உப்பு என்கிறோம். வேதியியலும் அதை உப்பு என்றுதான் சொல்லும், ஆனால் அது சாப்பாட்டு உப்பு அன்று, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நிலத்தடி நீரில் கரைந்துவரும் கால்சியம் பைகார்பனேட், கீசரில் சூடேறும்போது சிதைந்து, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. ஆப்பசோடாவும் பைகார்பனேட் வகையறாதான். பங்காளியைக் கொண்டு பங்காளியை விரட்ட முடியுமா? இந்தப் படிவைக் கரைக்க அமிலம்தான் வேண்டும், அதுவும் வீரியம் குறையாத அமிலம் வேண்டும்.

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் பித்தளைக் குடத்துக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல் என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், விறகுச் சாம்பல் காரத்தன்மை கொண்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. காரம் என்றால் அவளுக்கு மிளகாய்தான். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கரைக்கும் புத்திசாலித்தனம் மட்டும் அவளிடம் இல்லை.

இதையாவது காசுக்குப் பிடித்த கேடு என்று விட்டுவிடலாம். கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பவர்களை என்ன செய்வது? அதில் கிளம்புவது குளோரின், முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களை மூச்சுத்திணறடித்துக் கொன்ற அதே வாயு. எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர், இரண்டையும் சேர்த்தால்தான் பளிச்சென்று ஆகும் என்று வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து தடுத்ததற்கு, உங்களுக்கு எல்லாவற்றிலும் பயம் சார் என்று சிரிக்கிறார்.

மைத்துனன் வாளியைப் பொங்கவைத்த மறுநாள் நான் புதிய வினிகர் பாட்டில் ஒன்றை வாங்கி, எதையும் கலக்காமல், துணியில் நனைத்துக் குழாயின் கழுத்தில் அரை மணி நேரம் சுற்றிவைத்தேன். துணிக்கடியில் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன. பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் வெள்ளை கழன்று வந்தது. மைத்துனன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, நேற்று நான் ஊறவைத்ததால்தான் மாமா இன்று இவ்வளவு சுலபமாக வருகிறது என்றான்.