கொடியேற்றம் முடிந்த பிறகு

நாளை, 2025 ஆகஸ்ட் 15, 79-ஆவது சுதந்திர தினம். வாட்ஸப் குரூப்களில் இன்றே ஆரம்பித்துவிட்டார்கள். 2047-ல் வல்லரசு, உலகத்துக்கே குரு, நிலாவில் குடியேற்றம். நடக்கட்டும், சந்தோஷம். என் ஆசை அவ்வளவு தூரம் போகாது. சேலத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊராட்சியில் நாளை 11 மணிக்குக் கிராம சபை. அதில் யாராவது ஒருத்தர் எழுந்து கணக்குக் கேட்க வேண்டும். கேட்டவரைப் பார்த்து "நீ எந்தக் கட்சி?" என்று யாரும் கேட்கக் கூடாது.

இது சின்ன ஆசை என்று நினைப்பவர்கள் கிராம சபைக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வந்தால்தான் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கே சேரும். நாற்காலி கட்சிக்காரர்களுக்கு, அவர்களுக்குத் தரை. கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே தீர்மான நோட்டு கை மாறி வரும், வெறும் பக்கத்தில் கையெழுத்து. அப்புறம் வரவு செலவு வாசிப்பு. ஐயர் மந்திரம் சொல்கிற வேகம்.

போன முறை ஓர் அக்கா எழுந்தார். "ஏங்க சார், பைப்லைன் ரிப்பேருன்னு படிச்சீங்களே, எந்தத் தெருவுங்க?"

செயலர் பக்கத்தைத் திருப்பித் தேடி, "மேட்டுத் தெரும்மா" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மேட்டுத் தெருக்காரர், "எங்க தெருவுலயா? எப்பங்க?" என்றார். பந்தலே சிரித்துவிட்டது. கூட்டத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மேட்டுத் தெருவில் குழாய் வேலை நடந்தது. செங்கோட்டை உரைகளைவிட அந்த அக்காவின் ஒரு கேள்விதான் எனக்கு இந்த நாட்டின் மேல் நம்பிக்கை தந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆனால் நாளை அங்கே ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருக்க மாட்டார். 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. அதன்பின் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே 243E பிரிவில் சொல்கிறது. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு என்று காரணத்துக்கா பஞ்சம்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோதும் மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தல் இல்லாமல் இதே கதைதான். அப்போது ஆட்சியில் அதிமுக, 2025-ல் திமுக. எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளுக்கும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டையே வருவதில்லை.

எம்.எல்.ஏ. பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல், ஊரே திருவிழா. ஊராட்சி முழுக்கக் காலியாக இருந்தால் டீக்கடையில்கூடப் பேச்சு இல்லை. இதே சேலத்தில் 1917-ல் நகராட்சித் தலைவராக இருந்தவர்தான் 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார். ராஜாஜியின் அரசியலில் எனக்கு ஒப்பாதது நிறைய உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் குப்பைக்கும் சாக்கடைக்கும் பதில் சொன்ன பிறகுதான் அவர் டெல்லிக்குப் போனார்.

2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க எங்கள் பக்கம் அளவைக் கல் நட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு அபிப்ராயம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்க ஊராரின் சம்மதம் தேவையில்லை என்பது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் உறுத்துகிறது. மேலே ஏற்காட்டில் 'மலையாளி' என்று அழைக்கப்படும் மலைவாழ் பழங்குடிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் உரிமை கோரும் மனு முதலில் வர வேண்டியதே கிராம சபைக்குத்தான். சட்டம் அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறது. நாமோ நீண்ட விடுமுறை கிடைத்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பத்தே முக்காலுக்கே வந்துவிடுங்கள். தெருவிளக்குச் செலவை நான் கேட்கிறேன், மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று நீங்கள் யாராவது கேளுங்கள். நோட்டு வந்தால், தீர்மானம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.